எண்ணெயை மாற்றினால் கொலஸ்ட்ரால் இறங்குமா? எதை விட்டு எதற்கு மாறுகிறோம் என்பதில்தான் விஷயம்

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) மளிகைக் கடையில் 1 கிலோ பாக்கெட் எண்ணெய் 2 வெள்ளி 50 காசு. அரசாங்க மானியத்தில் வரும் செம்பனை எண்ணெய் அது. தோட்டத்து வீடுகளிலும் தாமான் வீடுகளிலும் அன்றாடப் பொரியலும் தாளிப்பும் பெரும்பாலும் அதில்தான். இப்போது புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சண்டை நடப்பதும் அந்த எண்ணெயைப் பற்றித்தான். செம்பனை எண்ணெய் ரத்தக் குழாயில் மெழுகாகப் படியும், தேங்காய் எண்ணெய்க்கு மாறுங்கள் என்கிறது ஒரு காணொளி. கொலஸ்ட்ரால் பயமே மருந்துக் கம்பெனிகள் கிளப்பியது, தாராளமாக நெய் ஊற்றிச் சாப்பிடுங்கள் என்கிறது இன்னொன்று. அமெரிக்காவே முட்டைக்கு இருந்த கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது என்று மூன்றாவது. நடுவில், கிளினிக் கெசிஹத்தான் என்ற அரசாங்கக் கிளினிக்கில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவர் கையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 6.1 என்று எழுதிய ஒரு சீட்டு.

அந்தச் சீட்டு வைத்திருப்பவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 38.1 விழுக்காட்டினருக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 5.2 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தது.

மூன்று காணொளிகளிலும் பாதி உண்மை இருக்கிறது. மூன்றுமே ஒரு கேள்வியை மட்டும் கேட்காமல் விடுகின்றன: இதைச் சாப்பிடு, அதை விடு என்றால், விட்ட இடத்தில் எது வந்து உட்காருகிறது? கொழுப்பு பற்றிய ஐம்பது அறுபது வருட ஆராய்ச்சிச் சண்டைகளில் பாதி, இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும்.

## முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

1. கொழுப்பு. எண்ணெய், நெய், வெண்ணெய், ஆட்டுக் கொழுப்பு எல்லாம் வேதியியலில் ஒரே குடும்பம்: டிரைகிளிசரைடு. ஒரு கிளிசரால் மூலக்கூறோடு மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும். எந்தக் கொழுப்பானாலும் 1 கிராமுக்கு 9 கலோரி. இதில் நல்லெண்ணெய்க்கும் சலுகை கிடையாது.

2. நிறைவுற்ற, நிறைவுறாத கொழுப்பமிலங்கள். சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லாவிட்டால் நிறைவுற்றது. சங்கிலிகள் நேராக நின்று நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும்; அதனால் சீக்கிரம் உறையும். ஒரு இரட்டைப் பிணைப்பு இருந்தால் ஒற்றை நிறைவுறாதது, ஒன்றுக்கு மேல் இருந்தால் பன்மை நிறைவுறாதது. வீட்டிலேயே பார்க்கலாம். பாக்கெட் எண்ணெய், தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் மூன்றையும் சின்னக் கிண்ணங்களில் ஊற்றிக் குளிர்ப்பெட்டியில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் தேங்காய் எண்ணெய் கல்லாகியிருக்கும். பாக்கெட் எண்ணெய் கலங்கி, அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். நல்லெண்ணெய் ஊற்றினால் ஊற்றும்.

3. கொலஸ்ட்ரால். இது எண்ணெய் கிடையாது. நான்கு வளையங்கள் கொண்ட மெழுகு போன்ற வேறொரு பொருள். எரித்துச் சக்தி எடுக்க முடியாது. ஆனால் உயிரணுச் சவ்வு, பித்த அமிலம், வைட்டமின் டி, ஆண் பெண் ஹார்மோன்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் மூலப்பொருள். அதனால் உணவை நம்பியிராமல் உடலே தயாரித்துக்கொள்கிறது. கல்லீரலுக்கு இதில் பெரிய பங்கு.

மூன்றாவதில் இருந்து ஒன்று விளங்கும். கொலஸ்ட்ரால் விலங்குகளின் பொருள். செடிகொடிகளில் இருப்பது கணக்கில் சேர்க்கத் தேவையில்லாத அளவு. அப்படியென்றால் எண்ணெய்ப் போத்தலில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது முழு உண்மை, பயன் இல்லாத உண்மை. செம்பனை, தேங்காய், சூரியகாந்தி எதிலுமே கிடையாது. பார்க்க வேண்டியது பின்பக்கத்து அட்டவணையில் நிறைவுற்ற கொழுப்பு எத்தனை கிராம் என்ற வரியை.

## ரத்தத்தில் ஓடுவது எது

எண்ணெயும் தண்ணீரும் சேராது. ரத்தம் பெரும்பாலும் தண்ணீர். கொலஸ்ட்ராலையும் டிரைகிளிசரைடையும் கொண்டுபோக, புரத உறை போட்ட சிறு உருண்டைகளை உடல் செய்கிறது. எல்.டி.எல். என்பதும் எச்.டி.எல். என்பதும் இந்த உருண்டைகளின் பெயர்கள். உள்ளே இருக்கும் கொலஸ்ட்ரால் இரண்டிலும் ஒன்றுதான். கெட்ட கொலஸ்ட்ரால் (எல்.டி.எல்.), நல்ல கொலஸ்ட்ரால் (எச்.டி.எல்.) என்று இரு வேறு பொருள்கள் கிடையாது.

தீம்பாரில் (தோட்டத்தில்) செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் மில்லுக்கு வரிசையாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். எல்.டி.எல். உருண்டைகளை அந்த லாரிகளாக வைத்துக்கொள்ளுங்கள். சரக்கை இறக்கக் கல்லீரலின் மேல் இறங்குதுறைகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பெயர் எல்.டி.எல். ஏற்பி. துறைகள் நிறைய இருந்தால் லாரிகள் சீக்கிரம் காலியாகிவிடும். பாதி துறைகளை மூடிவிட்டால் லாரிகள் சாலையிலேயே நிற்கும். சாலை என்பது இங்கே ரத்தக் குழாய். ரொம்ப நேரம் சுற்றும் எல்.டி.எல். குழாய்ச் சுவருக்குள் நுழைந்து தங்கி, அங்கே அழற்சியைக் கிளப்பி, பல வருடங்களில் படிமமாகிறது. ஒரு நாள் அந்தப் படிமம் வெடித்து அதன்மேல் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு.

ஏற்பியைக் கண்டுபிடித்தவர்கள் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள். 1985-ல் அதற்கு நோபல் பரிசு. மருந்துக் கம்பெனிக் கதை என்று சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். பரம்பரையிலேயே ஏற்பி குறைவாகப் பிறந்தவர்களுக்குச் சாப்பாடு எப்படியிருந்தாலும் எல்.டி.எல். ஏறியே இருக்கும், இளவயதிலேயே மாரடைப்பு வரும். மரபணுவைக் கம்பெனி எழுத முடியாது.

சரி, சாப்பாடு எங்கே வருகிறது? நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் கல்லீரல் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. பன்மை நிறைவுறாத கொழுப்பு அந்த இடத்துக்கு வந்தால் ஏற்பிகள் கூடுகின்றன. உணவுக் கொழுப்புக்கும் ரத்தக் கொலஸ்ட்ராலுக்கும் உள்ள முக்கியமான பாலம் இதுதான்.

## சீட்டை வாசிப்பது

மலேசியக் கிளினிக்குகள் மில்லிமோல் அளவில் எழுதுகின்றன. தமிழ்நாட்டுக் காணொளிகள் மில்லிகிராம் அளவில் பேசுகின்றன. "200-க்கு மேல் போனால் ஆபத்து" என்று கேட்டுவிட்டு, சீட்டில் 6.1 இருப்பதைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கொலஸ்ட்ராலுக்குச் சீட்டு எண்ணை 38.67-ஆல் பெருக்குங்கள், 5.2 என்பது 200, 6.1 என்பது 236. டிரைகிளிசரைடுக்கு மட்டும் பெருக்கும் எண் வேறு, 88.57. அங்கே 1.7 என்பது 150.

மொத்தக் கொலஸ்ட்ரால் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு கட்டவும் முடியாது. இரண்டு பேருக்கும் 6.1 என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு எச்.டி.எல். 0.9, டிரைகிளிசரைடு 2.6. இரண்டாமவருக்கு எச்.டி.எல். 1.9, டிரைகிளிசரைடு 0.8. மொத்தத்தில் இருந்து எச்.டி.எல்.-ஐக் கழித்தால், சுவரில் படியக்கூடிய உருண்டைகள் எல்லாவற்றிலும் உள்ள கொலஸ்ட்ரால் கிடைக்கும்: முதலாமவருக்கு 5.2, இரண்டாமவருக்கு 4.2. ஒரே மொத்தம், ஆனால் முதலாமவர் நிலை மோசம். வயிறு தள்ளியிருந்து, எச்.டி.எல். இறங்கி, டிரைகிளிசரைடு ஏறியிருக்கும் இந்த முதல் வடிவம்தான் தெற்காசிய வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படுவது.

சீட்டில் எல்.டி.எல். பெரும்பாலும் நேரடியாக அளந்ததல்ல, கணக்குப் போட்டு எழுதியது. டிரைகிளிசரைடை 2.2-ஆல் வகுத்து, அதையும் எச்.டி.எல்.-ஐயும் மொத்தத்தில் இருந்து கழிப்பார்கள். முதலாமவருக்கு 4.0 வரும். டிரைகிளிசரைடு 4.5-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

எவ்வளவு இருக்கலாம் என்பது ஆளைப் பொறுத்தது. வேறு நோய் இல்லாதவருக்கு எல்.டி.எல். 3-க்குள் இருந்தால் மருத்துவர் பேசாமல் இருப்பார். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு 1.8-க்கும் கீழே கொண்டுபோகப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரருக்கு மாத்திரை கொடுக்காத அதே எண்ணுக்கு, இனிப்புநீர் (நீரிழிவு) உள்ள உங்களுக்கு மாத்திரை கொடுத்தால் அது ஓரவஞ்சனை இல்லை.

## முட்டை, இறால்

அமெரிக்க உணவு வழிகாட்டி 2015-ல் நாளுக்கு 300 மி.கி. கொலஸ்ட்ரால் என்ற வரம்பை எடுத்தது உண்மை. சாப்பாட்டில் கொலஸ்ட்ரால் கூடினால் உடல் தன் தயாரிப்பைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே பெரும்பாலோருக்கு ரத்த அளவில் ஏற்றம் சிறியது. முட்டை மஞ்சள் கருவில் ஏறக்குறைய 200 மி.கி. கொலஸ்ட்ரால், ஆனால் நிறைவுற்ற கொழுப்பு 1.5 கிராம்தான். இறாலில் கொலஸ்ட்ரால் இருக்கிறது, நிறைவுற்ற கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை. இறால் சம்பாலில் கவலைப்பட வேண்டியது சம்பாலைப் பற்றி.

அதே வழிகாட்டி, கொலஸ்ட்ராலை முடிந்த அளவு குறைவாகவே சாப்பிடுங்கள் என்றும் எழுதியது. அந்த வரி எந்தக் காணொளியிலும் வருவதில்லை. சிலருக்கு உணவுக் கொலஸ்ட்ராலே கணிசமாக ஏற்றும். இனிப்புநீர் உள்ளவர்கள் விஷயத்திலும் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. நாளுக்கு ஒரு முட்டை என்பதோடு நிறுத்திக்கொள்வது நியாயமான இடம்.

## பாக்கெட் எண்ணெயின் வழக்கு

நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே இந்த ஊர்ப் பக்கம்தான். 1917-ல் ஹென்றி ஃபோகொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமாரம் எஸ்டேட்டில் நட்டது. அப்புறம் ரப்பர் விலை சரிய, நாடு முழுக்க பால்மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். ஆகவே இங்கே இந்த எண்ணெயைக் குறைசொன்னால் சோற்றில் மண் போடுவதாகச் சிலருக்குப் படும். புகழ்ந்தால் மில்காரன் பேச்சு என்பார்கள். எண்களைப் பார்ப்போம்.

பழச் சதையில் இருந்து பிழியும் கச்சா எண்ணெயில் பாதி நிறைவுற்றது, முக்கியமாக பால்மிட்டிக் அமிலம். அதை ஆறவைத்து உறைந்த பகுதியை வடித்தெடுத்தபின் மிஞ்சும் திரவமே சமையலுக்கு வருகிறது. அதிலும் ஏறக்குறைய 45 விழுக்காடு நிறைவுற்றது. கச்சா எண்ணெயின் செம்மஞ்சள் நிறத்துக்குக் காரணமான கரோட்டீன், சுத்திகரிப்பில் போய்விடுகிறது. ஆக, செம்பனை எண்ணெயில் வைட்டமின் ஏ கொட்டிக்கிடக்கிறது என்ற பெருமை பாக்கெட்டுக்குப் பொருந்தாது. மற்றவற்றோடு வைத்துப் பார்த்தால்:

- தேங்காய் எண்ணெய்: நிறைவுற்றது ஏறக்குறைய 90 விழுக்காடு
- நெய்: 60-க்குச் சற்று மேல்
- பாக்கெட் செம்பனை எண்ணெய்: 45 அளவில்
- கடலை எண்ணெய்: 17 அளவில்
- நல்லெண்ணெய்: 15 அளவில்
- சூரியகாந்தி எண்ணெய்: 11 அளவில்
- கனோலா எண்ணெய்: 7 அளவில்

இந்த வரிசையில் செம்பனை நடுவில் நிற்கிறது. நெய்யை விட்டு வருபவருக்கு அது இறக்கம். கடலை எண்ணெயை விட்டு வருபவருக்கு ஏற்றம்.

அமெரிக்காவில் 1980களின் பிற்பகுதியில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். அந்த நாட்டுச் சோயா விவசாயிகள் சங்கம் வெப்பமண்டல எண்ணெய்களுக்கு எதிராகப் பிரச்சாரம் செய்தது. மாரடைப்பில் பிழைத்த ஃபில் சோகொலோஃப் என்ற தொழிலதிபர், அமெரிக்காவுக்கு விஷம் வைக்கிறார்கள் என்று 1988-ல் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். பிஸ்கட் கம்பெனிகள் பயந்து செம்பனை எண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் கைவிட்டன. கைவிட்ட இடத்தில் என்ன வந்தது? ஓரளவு ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய சோயா எண்ணெய், அதாவது டிரான்ஸ் கொழுப்பு நிறைந்த எண்ணெய். 1990-ல் நெதர்லாந்தில் மென்சிங்க், கட்டான் இருவரும் செய்த சோதனை, டிரான்ஸ் கொழுப்பு எல்.டி.எல்.-ஐ ஏற்றுவதோடு எச்.டி.எல்.-ஐ இறக்கவும் செய்கிறது என்று காட்டியது. விட்டதைவிட மோசமான ஒன்றை மக்கள் பத்துப் பதினைந்து வருடம் தின்றார்கள். 2006-ல் அமெரிக்க லேபிளில் டிரான்ஸ் கொழுப்பைக் குறிப்பிடுவது கட்டாயமானதும், கம்பெனிகள் மறுபடி செம்பனை எண்ணெய்க்கே திரும்பின.

எதிர்த் திசையில் ஒரு நல்ல உதாரணம் மொரிஷியஸ். தமிழர்களும் வாழும் கரும்புத் தோட்டத் தீவு. அங்கும் அரசாங்கக் கட்டுப்பாட்டில் ஒரு ரேஷன் எண்ணெய் உண்டு. பெரும்பகுதி செம்பனையாக இருந்தது. 1987-ல் அதை முழுக்கச் சோயா எண்ணெயாக மாற்றினார்கள். 1992-க்குள் மக்களின் சராசரி மொத்தக் கொலஸ்ட்ரால் 5.5-ல் இருந்து 4.7-க்கு இறங்கியது. புகையும் குடியும் குறைந்த காலமும் அதுவே, அதனால் முழு வீழ்ச்சியையும் எண்ணெயின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் அதே ஐந்து வருடத்தில் மக்களின் உடல் பருமன் கூடியிருந்தது. அப்படியும் கொலஸ்ட்ரால் இறங்கியது என்பது சாதாரணம் இல்லை.

நம் வீட்டுக் கணக்கு என்ன? நாலு பேர் உள்ள குடும்பம் மாதம் மூன்று பாக்கெட் முடிக்கிறது என்று வையுங்கள். 3,000 கிராமை 30 நாளுக்கும் 4 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு நாளைக்கு 25 கிராம். அதில் நிறைவுற்றது 11 கிராம். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு மொத்தக் கலோரியில் 10 விழுக்காடு. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு 22 கிராம். ஆக, வரம்பில் பாதி எண்ணெயிலேயே போய்விட்டது. அதே 25 கிராமும் நல்லெண்ணெயாகவோ கடலை எண்ணெயாகவோ இருந்தால் 4 கிராம்தான் ஆகியிருக்கும். இந்த 7 கிராம் வித்தியாசத்தால் எல்.டி.எல். சுமார் 0.15 முதல் 0.2 வரை இறங்கலாம். 4.0 உள்ளவரை அது 3.8-க்குக் கொண்டுவரும், 3-க்கு அல்ல. பலர் எண்ணெயை மாற்றிவிட்டு அற்புதத்துக்குக் காத்திருக்கிறார்கள்; இவ்வளவுதான் கிடைக்கும்.

ஆனால் போத்தல் எண்ணெய்களின் விலை மானியப் பாக்கெட்டைப் போலப் பல மடங்கு. கையைக் கடிக்கிறது என்றால் அளவைக் குறைப்பதே வழி: மூன்று பாக்கெட்டை இரண்டாக்கினாலும் நிறைவுற்ற கொழுப்பில் ஆளுக்கு நாளுக்கு 4 கிராம் மிச்சம், காசும் மிச்சம். பொரிக்கப் பாக்கெட், தாளிக்க நல்லெண்ணெய் என்று பிரித்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. அது அர்த்தமுள்ள ஏற்பாடு. நிறைவுற்ற பங்கு அதிகமுள்ள எண்ணெய், கொதிக்கும் சட்டியில் சீக்கிரம் கெடாது. அதற்காகக் கறுத்துப்போன எண்ணெயை வடிகட்டி வடிகட்டி மறுபடி பொரிக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

## தேங்காய்: எண்ணெய் வேறு, காய் வேறு

தேங்காய் எண்ணெய்க்காகப் பேசுபவர்களின் முக்கிய வாதம், அதில் உள்ளவை நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பமிலங்கள், நேராகக் கல்லீரலுக்குப் போய் எரிந்துவிடும் என்பது. 8, 10 கார்பன் கொண்டவற்றுக்கு அது சரி. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதியாக இருக்கும் லாரிக் அமிலத்துக்கு 12 கார்பன். அதில் பெரும்பகுதி நீண்ட சங்கிலிகளைப் போல நிணநீர் வழியாகத்தான் போகிறது. சோதனைகளைத் தொகுத்து 2020-ல் வெளிவந்த ஆய்வில், வெப்பமண்டலம் சாராத தாவர எண்ணெய்களோடு ஒப்பிடும்போது தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.-ஐச் சராசரியாக 0.27 மில்லிமோல் ஏற்றியது. எச்.டி.எல்.-ஐயும் ஏற்றியது உண்மை. ஆனால் மருந்து கொடுத்து எச்.டி.எல்.-ஐ ஏற்றிப் பார்த்த சோதனைகளில் மாரடைப்பு குறையவில்லை. பாக்கெட் எண்ணெயை விட்டுத் தேங்காய் எண்ணெய்க்கு மாறுவது எல்.டி.எல். கணக்கில் பின்னோக்கிய நடை.

"நம் பாட்டன் பூட்டன் தேங்காய் தின்றே வாழ்ந்தார்கள்" என்ற பதில் உடனே வரும். பசிபிக்கின் டோக்கெலாவ் தீவுக்காரர்கள் பாதிக்கு மேற்பட்ட கலோரியைத் தேங்காயில் இருந்தே எடுத்தவர்கள். இதய நோய் அங்கே அபூர்வம். ஆனால் அவர்கள் தின்றது முழுத் தேங்காய், கூட மீன், சீனியும் மாவுப் பண்டமும் மிகக் குறைவு. தேங்காயை நாரோடு தின்பதும், அதன் எண்ணெயில் ரொட்டி சானாய் சுடுவதும் ஒன்றாகாது.

இங்கே கவனிக்க வேண்டியது எண்ணெயைவிடத் தேங்காய்ப் பால்தான். கெட்டிப் பால் 100 மில்லியில் ஏறக்குறைய 20 கிராம் கொழுப்பு, அதில் பெரும்பகுதி நிறைவுற்றது. நாசி லெமாக் ஒரு பொட்டலம், மத்தியானம் தேங்காய்ப் பால் ஊற்றிய மீன் கறி, சாயங்காலம் தேங்காய்ப் பால் ஊற்றிய பலகாரம் என்று போனால், பாக்கெட் எண்ணெயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நியாயமே இல்லை. துருவல் தூவிய பொரியலைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம்.

## எண்ணெயைக் குறைத்துச் சோற்றைக் கூட்டினால்

நிறைவுற்ற கொழுப்புக்கும் இதய நோய்க்கும் தொடர்பில்லை என்று 2010-ல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. நெய்க்காரர்கள் இன்றுவரை அதைத்தான் தூக்கிக் காட்டுகிறார்கள். அதில் நிறைவுற்ற கொழுப்பைக் குறைவாகச் சாப்பிட்டவர்கள் அந்தக் கலோரிக்கு என்ன சாப்பிட்டார்கள்? பெரும்பாலும் வெள்ளை ரொட்டியும் சீனியும். வெண்ணெயை விட்டு வெள்ளை மாவுக்குப் போனால் லாபம் இல்லை என்பதே அந்த முடிவின் பொருள். வெண்ணெய் நல்லது என்பதல்ல. 2006-ல் முடிவு வந்த பெரிய அமெரிக்கச் சோதனையில், ஏறக்குறைய 49,000 பெண்களில் ஒரு பகுதியினருக்கு மொத்தக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லிப் பல வருடம் பார்த்தார்கள், மாரடைப்பு குறையவில்லை. கொழுப்பின் இடத்தைப் பெரும்பாலும் மாவுச்சத்துதான் நிரப்பியிருந்தது. பின்லாந்தின் வட கரேலியாவில் 1972-ல் தொடங்கிய திட்டம் வேறு மாதிரி: வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய், புகைக்கு எதிர்ப்பு, உப்புக் குறைப்பு. வேலை செய்யும் வயது ஆண்களின் இதய நோய் மரணம் சில பத்தாண்டுகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது.

நம் வட்டாரத்துக்கு இந்தப் பகுதிதான் ரொம்ப முக்கியம். எண்ணெயைப் பார்த்துப் பயந்து, கறி மீனைக் குறைத்து, ரசம் ஊற்றி இரண்டு தட்டு வெள்ளைச் சோறு சாப்பிடுகிறவருக்கு என்ன ஆகும்? கல்லீரல் மிஞ்சிய மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்பும்: டிரைகிளிசரைடு ஏறும், எச்.டி.எல். இறங்கும். அதோடு தே தாரேயில் போகும் இனிப்புப் பாலைச் சேருங்கள். அந்த டின்னில் பாதியை ஒட்டிச் சீனி. பல பிராண்டுகளில் பால் கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய். மானியப் பாக்கெட்டைத் திட்டிக்கொண்டே அதே எண்ணெயைச் சீனியோடு கலக்கிக் குடிக்கிறோம். ஆண்களுக்கு இன்னொன்று: கள்ளோ பீரோ சம்சுவோ, டிரைகிளிசரைடை ஏற்றுவதில் எல்லாம் ஒன்று.

குலை வெட்டியும் மரம் சீவியும் விடியலில் இருந்து உழைத்த தலைமுறைக்கு அந்தச் சோறு எரிந்துபோனது. அதே தட்டை, பன்னிரண்டு மணி நேரம் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் மகனும் சாப்பிடுகிறான்.

## மாத்திரை

ஸ்டாட்டின் வகையை முதலில் கண்டுபிடித்தவர் ஜப்பானியரான அகிரா எண்டோ, 1970களில், ஒரு பூஞ்சையில் இருந்து. கல்லீரலின் கொலஸ்ட்ரால் தயாரிப்பை அது தடுக்கிறது. பற்றாக்குறையைச் சரிக்கட்டக் கல்லீரல் ஏற்பிகளைக் கூட்டுகிறது. அளவைப் பொறுத்து எல்.டி.எல். 30 முதல் 50 விழுக்காடு வரை இறங்கும். 1994-ல் முடிவு வந்த ஸ்கண்டினேவியச் சோதனையில், இதய நோய் உள்ள 4,444 பேரில் மாத்திரை எடுத்த தரப்பில் மொத்த மரணமே 30 விழுக்காடு குறைவு. எல்.டி.எல். 1 மில்லிமோல் இறங்கினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கை ஒட்டிக் குறையும் என்பது அதற்குப் பிறகு வந்த பல சோதனைகளின் கூட்டுக் கணக்கு.

தசை வலி சிலருக்கு வரும். சர்க்கரை லேசாக ஏறலாம். இரண்டையும் மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். தானாக நிறுத்திவிட்டு வெந்தயத் தண்ணீர் குடிப்பதுதான் ஆபத்து.

## செய்வதானால் எந்த வரிசையில்

1. இதய நோயோ இனிப்புநீரோ உள்ளவருக்கு மாத்திரைக்கு முதலிடம். புகைபிடிப்பவர் என்றால், எண்ணெயைப் பற்றி யோசிக்கும் முன் சிகரெட்.

2. டிரைகிளிசரைடு ஏறியிருந்தால் இனிப்புப் பானம், வெள்ளைச் சோற்றின் அளவு, மது. எல்.டி.எல். ஏறியிருந்தால் தேங்காய்ப் பால், நெய், கோழித்தோல், ஆட்டுக் கொழுப்பு, அப்புறம் சமையல் எண்ணெய். இரண்டும் ஏறியிருந்தால் முதல் பட்டியலில் இருந்து தொடங்குங்கள். எடையும் சேர்ந்து இறங்கும்.

3. எடுத்த இடத்தில் வைக்க: பருப்பு, கொண்டைக்கடலை, கெம்புங் (கானாங்கெளுத்தி) போன்ற விலை மலிவான மீன், கீரை, வேர்க்கடலை ஒரு கைப்பிடி. கடலை வகையும், பருப்பில் உள்ள, தண்ணீரில் கரையும் நார்ச்சத்தும் தாமாகவே எல்.டி.எல்.-ஐக் கொஞ்சம் இறக்கும்.

4. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கும் பிஸ்கட், கேக் பொட்டலங்களில் "ஹைட்ரஜன் ஏற்றிய தாவரக் கொழுப்பு" என்ற வரி இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். டிரான்ஸ் கொழுப்புக்கு மட்டும் "எதற்குப் பதில்" என்ற கேள்வியே வேண்டாம்; எது வந்தாலும் அதைவிட மேல்.

5. அப்பாவோ அண்ணனோ 55 வயதுக்குள், அம்மாவோ அக்காவோ 65 வயதுக்குள் மாரடைப்பில் போயிருந்தால், ஒல்லியாக இருந்தாலும் ரத்தம் பார்க்க வேண்டும். தோட்ட ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் காலத்தில் கொலஸ்ட்ரால் பார்க்கும் வழக்கம் இல்லை. பரம்பரையில் இருப்பது பல குடும்பங்களுக்கே தெரியாது. பரம்பரைக் கொலஸ்ட்ரால் கோளாறு ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு உண்டு. எல்.டி.எல். 4.9-க்கு மேல் காட்டினால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

சாப்பாட்டை மாற்றினால் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் சீட்டில் தெரியும். மறுபடி ரத்தம் கொடுக்கப் போகும்போது பழைய சீட்டையும் எடுத்துப் போங்கள். மொத்தத்தை விட்டுவிட்டு, மொத்தம் கழித்தல் எச்.டி.எல். என்ற எண்ணை இரண்டிலும் போட்டு ஒப்பிடுங்கள். இதற்குப் பட்டினி தேவையில்லை. டிரைகிளிசரைடு முன்பே அதிகம் என்றால் மட்டும் மருத்துவர் வெறும் வயிற்றில் வரச் சொல்வார்.